ஏற்றுமதித் தரத்தில் ஓர் அடுப்புமேடை

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்த நாளில் நாகரிகம் பிறந்தது என்று பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. பாதி உண்மைதான். அந்த நெருப்பை வைக்கும் மேடையின் மேல்பரப்பை மாற்றுவது என்று வேலம்பாளையம் செந்தில்வேல் முடிவெடுத்த நாளில்தான் நாகரிகத்துக்குப் பல் முளைத்து, அது எழுந்து நடக்கத் தொடங்கியது. அந்த மகத்தான பணி நடந்த மாதங்களில் உலகத்தில் வேறு என்னென்னவோ நடந்திருக்கலாம். அவையெல்லாம் சில்லறை விஷயங்கள்.

பெரிய சரித்திரங்களுக்குச் சின்னக் காரணங்கள் இருக்கும். இங்கே அந்தச் சின்னக் காரணம், செந்தில்வேலின் தாயார் ஞானாம்பாள். அந்த வீட்டு அடுப்புமேடை கறுப்புக் கடப்பைக் கல். பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் கல் அரித்துப் பள்ளமாகி, அதில் எப்போதும் தண்ணீர் நிற்கும். விளிம்பு ஓரிடத்தில் உடைந்து, அவசரமாகத் திரும்பினால் முழங்கையைக் கீறிவிடும். அலமாரிக் கதவுகளில் மைக்கா உரிந்து நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது.

"மேல பாலீஷ் போட்டு, ஒடஞ்ச எடத்த அடைச்சு, மைக்காவ ஒட்டிக் குடுத்தாப் போதும் கண்ணு. ஐப்பசிக்குள்ள முடிச்சுக் குடு" என்றார் மகனிடம்.

ஐப்பசியில் அவர் கணவர் வேலுமணிக்கு முதல் வருஷத் திதி. அந்தப் படையலைத் தன் கையால், தன் மேடையில் சமைத்து வைக்க வேண்டும். ஞானாம்பாள் கேட்டது அவ்வளவுதான். வேலுமணி போனதிலிருந்து ஆறுதல் சொல்ல வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்தார்கள், வாசலில் நின்றார்கள், படுக்கையறைவரைக்கும் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். சமையலறைக்குள் மட்டும் ஒருவரும் ஆறுதலைத் தூக்கிக்கொண்டு வரவில்லை. அதனால் அந்த ஓர் அறை மட்டும் பழையபடியே இருந்தது. அங்கே நின்று காய் அரிந்தால், அவர் இன்னும் கம்பெனியிலிருந்து சாப்பிட வரவில்லை என்பதுபோலத்தான் தோன்றும்.

கல்லுக்குப் பாலீஷ் போடுகிற ஒருவர் வந்து பார்த்தார். அரை நாள் வேலை என்றார். அவரிடம் கணினியில் காட்டப் படம் எதுவும் இல்லை, கழுத்தில் அடையாள அட்டை இல்லை, சொன்ன தொகையும் மரியாதைக் குறைவாக இருந்தது. நிராகரிக்கப்பட்டார்.

செந்தில்வேலைக் குறை சொல்ல முடியாது. அவர் ஐரோப்பாவில் பிறக்கப்போகும் குழந்தைகளுக்குப் பனியன் தைத்து அனுப்புகிறவர். குழந்தை பிறப்பதற்கு முன்பே அதன் பனியனுக்கு ஏழு பேர் ஒப்புதல் கொடுத்திருப்பார்கள். சாம்பிளைப் பார்த்து யாராவது தலையாட்டாமல் அவர் கம்பெனியிலிருந்து ஒரு பொத்தான்கூட வெளியே போகாது. இப்பேர்ப்பட்ட ஒழுங்கைக் கம்பெனி கேட்டோடு நிறுத்திக்கொள்வது சுயநலம் என்று அவருக்குப் பட்டது. வீட்டுக்கும் கொண்டுவந்தார்.

முதல் கூட்டம் கம்பெனியின் கலந்தாய்வு அறையில், குளிர்சாதனத்தின் முன்னிலையில் நடந்தது. செந்தில்வேல், அவர் மனைவி கிருத்திகா, கோவையிலிருந்து வந்த உள் அலங்கார ஆலோசகர் நிதிஷ் ஆகியோர் மேசையைச் சுற்றி அமர்ந்தார்கள். ஞானாம்பாள் 'பயன்படுத்துவோர் தரப்பு' என்ற முறையில் அழைக்கப்பட்டு, ஏசிக் காற்று படாத மூலையில் உட்காரவைக்கப்பட்டார்.

"அம்மா, மொதல்ல ஒரே ஒரு கேள்விங்க" என்றார் நிதிஷ். "கிச்சன்ல நீங்க என்ன பண்றீங்க?"

"சமைக்கறேன் கண்ணு."

"அது சரிங்க. அது தவிர?"

ஞானாம்பாள் யோசித்துப் பார்த்தார். "சமைச்ச பாத்தரத்தக் கழுவறேன்."

"அப்படிக் கேக்கலீங்க. அந்த எடத்துக்கும் உங்களுக்கும் என்ன உறவுன்னு கேக்கறேனுங்க."

"உறவு என்ன சாமி, பசிக்கற நேரத்துல எல்லாரும் வருவாங்க."

நிதிஷ் இதைக் கவனமாகக் குறித்துக்கொண்டார். பிறகு, இனி அது வெறும் சமையலறை அல்ல, ஓர் 'அனுபவம்' என்று அறிவித்தார். அனுபவத்தின் நிறம் வெள்ளை. கல் குவார்ட்ஸ். கைப்பிடி இல்லாத அலமாரிக் கதவுகள். தள்ளினால் திறக்கும், தள்ளாவிட்டாலும் சில சமயம் திறக்கும். பனியன் வாங்குகிற வெளிநாட்டு பையர் விருந்துக்கு வந்தால் அசந்துபோவார் என்று செந்தில்வேல் சொன்னார். வருகிற பையர்கள் எல்லாம் பெரிய ஹோட்டலில் தங்கி, அங்கேயே சாப்பிட்டு, அங்கிருந்தே விமானத்துக்குப் போகிறவர்கள் என்பது அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் தொலைநோக்கு என்று ஒன்று இருக்கிறதே.

வெள்ளை என்று முடிவானபிறகுதான் உண்மையான உழைப்பு தொடங்கியது. வெள்ளையில் எந்த வெள்ளை?

சாயத் துணியின் நிறம் பார்க்கக் கம்பெனியில் ஒரு விளக்குப் பெட்டி உண்டு. பொத்தானை அமுக்கினால் பகல் வெளிச்சம், இன்னொன்றை அமுக்கினால் கடை வெளிச்சம், இன்னொன்றில் வீட்டு வெளிச்சம். குவார்ட்ஸ் துண்டுகளை அதற்குள் வைத்து, கம்பெனியின் தரக் கட்டுப்பாட்டு அதிகாரி அருண்குமார் ஒவ்வொன்றாகப் பார்த்தார். இருபது வருஷமாகத் துணியில் குறை கண்டு கண்டு, கல்யாண வீட்டில் மணமக்களைப் பார்த்தால்கூட முதலில் தையலைப் பார்க்கிற மனிதர்.

"பகல் லைட்ல ஓகேங்க. கடை லைட்டுல லேசா நீலம் அடிக்குதுங்க" என்றார்.

"ரிஜெக்ட்" என்றார் செந்தில்வேல்.

ஞானாம்பாள் எட்டிப் பார்த்தார். "நம்ம அடுப்பு மேடைய எந்தக் கடையில வெக்கப் போற கண்ணு?"

"ஒரு ஸ்டேண்டர்டு இருக்குதுங்கம்மா."

"நம்ம ஊட்டுச் சன்னலத் தொறந்தா பக்கத்து ஊட்டுச் செவுரு. அந்த லைட்டு இந்தப் பொட்டியில இருக்குதா?"

இல்லை. ஆனால் அது பெட்டியின் குறையல்ல, சுவரின் குறை.

பழைய மேடை உடைக்கப்பட்டது. சமையல் கார் ஷெட்டுக்குப் போயிற்று. காருக்கும் சுவருக்கும் நடுவில் ஒற்றை அடுப்பை வைத்துக்கொண்டு ஞானாம்பாளும், வீட்டு வேலைக்கு மண்ணரையிலிருந்து வரும் ராமுத்தாயும் உட்கார்ந்திருப்பார்கள். ராமுத்தாய் சிவகங்கைப் பக்கத்துக்காரி. கார் வெளியே எடுக்கும்போதெல்லாம் குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்து நிற்க வேண்டும்.

"ஆத்தாடி, எங்கூர்ல மாடு வெளிய போகும்போதுதான் இப்பிடி ஒதுங்கி நிப்போம். அதாச்சும் பால் கறக்கும்" என்பாள்.

முதலில் வந்த கல் 'ஷேடு' மாறியிருக்கிறது என்று திருப்பி அனுப்பப்பட்டது. இரண்டாவது கல் சரியாக இருந்தது; லாரியில் விரிசல் விட்டது. புரட்டாசி பாதி போய்விட்டது. ஞானாம்பாள் தினமும் காலையில் நாள்காட்டித் தாளைக் கிழிக்கும்போது அடுத்த தாளையும் கொஞ்சம் தூக்கிப் பார்த்துக்கொண்டார்.

செலவு விஷயத்தில் வெளிப்படைத் தன்மை கடைப்பிடிக்கப்பட்டது. எதற்கு எவ்வளவு என்று நிதிஷ் ஒளிக்காமல் சொல்வார். சொன்ன பிறகு கூடுவதையும் ஒளிக்காமல் சொல்வார். கல்லுக்குச் சதுர அடிக் கணக்கு. விளிம்பை உருட்டுவதற்குத் தனி. விளிம்பை உருட்டியதால் தெரியும் தடிமனுக்குத் தனி. அடுப்புக்கும் தொட்டிக்கும் கல்லில் ஓட்டை போடுவதற்குத் தனி.

"சித்தே இருங்க" என்றார் ஞானாம்பாள். "அந்த ஓட்டை இருக்கற எடத்துக்கும் சதுர அடிக் காசு போட்டிருக்குதே?"

"ஆமாங்கம்மா. முழுக் கல்லாத்தானுங்க வாங்கறோம்."

"அப்ப வெட்டி எடுத்த கல்லு?"

"அது வேஸ்ட்டுங்க. அத அப்புறப்படுத்தறதுக்குத்தானுங்க இது." நிதிஷ் அடுத்த வரியைக் காட்டினார்.

"கல்லுக்குக் காசு வாங்கறீங்க, சரி. கல்லு இல்லாத எடத்துக்கும் வாங்கறீங்க, அதும் சரி. அந்த இல்லாத கல்லத் தூக்கிட்டுப் போறதுக்குமா?"

"அம்மாவுக்கு நல்ல நகைச்சுவை உணர்வுங்க" என்றார் நிதிஷ். அதற்கு மட்டும் அவர் காசு வாங்கவில்லை.

ஐப்பசி பிறந்து சில நாட்களில் பணி நிறைவுற்றது. கூடத்தில் நின்று பார்த்தால் சமையலறை பால் கொட்டியதுபோல இருந்தது. கண் கூசியது. மேலே ஒட்டிய பாதுகாப்புப் பிளாஸ்டிக் தாளோடு அது அழகாக இருந்தது என்பதால், தாள் பிரிக்கப்படவில்லை. நிதிஷ் அனைவருக்கும் பராமரிப்பு வகுப்பு எடுத்தார். கம்பெனியில் தீயணைப்புப் பயிற்சிக்கு நிற்பதுபோல எல்லாரும் வரிசையாக நின்றார்கள்.

"சூடான பாத்தரத்த மேல வெக்கக் கூடாதுங்க. எலுமிச்சம்பழம், புளி, எண்ணெய் பட்டா ஒடனே தொடச்சரணுங்க. மேடை மேலயே வெச்சு அரியக் கூடாதுங்க. முக்கியமா, மஞ்சத்தூள். அது மட்டும் கிட்டக்கூட வரக் கூடாதுங்க. புடிச்சா விடாதுங்க."

"தண்ணி?" என்றாள் ராமுத்தாய்.

"தண்ணி ஓகேங்க. தேங்கக் கூடாது."

"அப்ப இதுல என்னதான் சமைக்கிறது, தம்பி?"

அதற்கும் வழி செய்யப்பட்டிருந்தது. நாகரிகம் எதையும் அரைகுறையாக விடாது. வீட்டுக்குப் பின்னால், மோட்டார் அறையை ஒட்டி, தகரம் போட்ட ஒரு சிறு கொட்டகை. அதில் பழைய அடுப்பு, பழைய தொட்டி. அதற்கு 'வொர்க்கிங் கிச்சன்' என்று பெயர்.

"அது வேல செய்யிற கிச்சன்னா, உள்ள இருக்கிறது?" என்று ராமுத்தாய் ஞானாம்பாளின் காதில் கேட்டாள். "அது ரிட்டயர்டா?"

திதிக்கு முந்தைய வாரம் ஞானாம்பாள் மகனிடம் பேசினார். "கண்ணு, தெனச் சமையல நான் கொட்டாயிலயே பாத்துக்கறேன். படையல் மட்டும் உள்ள செஞ்சுக்கறேன். உங்கப்பாவுக்குத் தகரத்துக்கு அடியில ஆக்கி வெக்க எனக்கு மனசு வல்ல."

செந்தில்வேலுக்கும் திதி முக்கியம்தான். அன்றைக்குச் சொந்தபந்தமெல்லாம் வருகிறார்கள். எல்லாரும் சமையலறையைப் பார்க்கப்போகிறார்கள். அப்பா நினைவாகவே அதைத் திறந்துவைப்பதாக வாட்ஸப்பில் அழைப்பும் அனுப்பியாகிவிட்டது.

"ஏனுங்கம்மா, படையலுக்கு மஞ்சத்தூள் போட்டே ஆகோணுங்களா?"

"உங்கப்பாவுக்கு உசுரு அரிசிம்பருப்புச் சோறு. அதென்ன வெள்ளையாவா இருக்கும்?"

கிருத்திகா குறுக்கே வந்தாள். "அத்தை, மஞ்சள் இல்லாம செய்யறதுக்கு நெட்ல இருக்குதுங்க. நான் அனுப்பட்டுங்களா?"

"உங்க மாமனாருக்கு அனுப்பு கண்ணு. அவரு சரின்னுட்டா எனக்கும் சரி."

மாமனாரிடமிருந்து பதில் வராததால், படையலை வெளியே கொடுப்பது என்று முடிவாயிற்று. நல்ல கேட்டரிங் கம்பெனி. 'பாரம்பரியத் திதி பேக்கேஜ்' என்றே வைத்திருந்தார்கள். முந்தின நாள் சாம்பிள் வந்தது. அருண்குமார் அழைக்கப்பட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி வாயில் விட்டு, கண்ணை மூடி, "பாயசம் கொஞ்சம் லூசுங்க, வடை ஓகேங்க" என்று அபிப்பிராயம் சொன்னார். செந்தில்வேல் ஒப்புதல் கொடுத்தார். ஞானாம்பாள் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, வேலுமணியின் வேட்டியை எடுத்து மறுபடி மடித்து வைத்தார். சாம்பிள்தானே, நாளைக்கு வருவது வேறு சோறுதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

திதி நாள் காலை சொந்தபந்தம் கூடியது. குன்னத்தூரிலிருந்து வேலுமணியின் அக்கா பொன்னாத்தாள் வந்து, படத்துக்கு முன்னால் இலை போட்டு, தண்ணீர் தெளித்துவிட்டு உட்கார்ந்தார். கேட்டரிங் வண்டி வந்தது. பாத்திரங்கள் இறங்கின. அவற்றுக்கு முன்னால் அருண்குமார் கரண்டியோடு நின்றிருந்தார்.

சாம்பிள் சரியாக இருந்தால் போதாது, வருகிற சரக்கும் சாம்பிளோடு ஒத்திருக்க வேண்டும் என்பது ஏற்றுமதியின் பால பாடம். அவர் ஒரு பாத்திரத்தைத் திறந்தார். சாம்பாரை எடுத்து வாயில் விட்டார். அதே கரண்டியை அடுத்த பாத்திரத்தில் விட்டார்.

"சாம்பிளவிட உப்பு ஒரு பாயிண்டு கூடுதுங்க" என்றார்.

கூடத்தில் எல்லாரும் அந்தக் கரண்டியைப் பார்த்தார்கள். படையல் சோற்றின் முதல் வாய் போனவருடையது. சமைக்கிறவர்கள்கூட நாக்கில் வைத்து உப்புப் பார்க்க மாட்டார்கள். கை அளவில் போட்டுவிட்டுச் சாமியை வேண்டிக்கொள்வார்கள். அந்த வீட்டிலும் தலைமுறை தலைமுறையாக அப்படித்தான்.

"அட கெரகமே" என்றார் பொன்னாத்தாள். "எச்சப் பண்ணீட்டானே!"

ஞானாம்பாள் மகனைப் பார்த்தார். "ஏங் கண்ணு, இவரு தின்ன மிச்சத்தையா உங்கப்பாவுக்கு வெக்கப் போற?"

"அம்மா, செக் பண்ணாம எப்படீங்க உள்ள விடறது? சரியில்லாமப் போயி ரிஜெக்ட் ஆயிட்டா?"

"யாரு ரிஜெக்ட் பண்ணுவாங்க? உங்கப்பாவா?" என்றார் ஞானாம்பாள். "அந்த மனுசன் நான் ஆக்கிப் போட்டத ஒரு நாள் ஒதுக்கி வெச்சிருப்பாரா?"

செந்தில்வேல் ஒப்புதலுக்காக அருண்குமாரைப் பார்த்தார்.

ஞானாம்பாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு சமையலறைக்குள் போனார். அடுத்து நடந்தது பெரும் அழிவு. மனதைத் திடப்படுத்திக்கொண்டுதான் எழுத வேண்டியிருக்கிறது. மேடையின் மேலிருந்த பாதுகாப்புத் தாளை ஒரு முனையில் பிடித்து இழுத்தார். கடைசிவரை உரிந்து வந்தது. ராமுத்தாய் பின்கட்டிலிருந்து அரிசி, பருப்பு, வாழைக்காய் எல்லாம் கொண்டுவந்தாள். கூடவே மஞ்சள் டப்பாவும்.

"அத்தை, கல்லு..." என்று வாசலில் நின்று கிருத்திகா சொன்னாள்.

"கல்லுதான் கண்ணு. ஒண்ணும் ஆவாது. நீ போயி வந்தவங்களுக்குத் தண்ணி குடு."

பருப்பு பொங்கி வழிந்தது. அதன் மஞ்சள் நுரை குவார்ட்ஸின் மேல் ஓடி, சாவகாசமாக நின்றது. வாணலி அடுப்பிலிருந்து இறங்கி நேராக மேடைமேல் உட்கார்ந்தது. எலுமிச்சம்பழம் மேடையிலேயே இரண்டானது. ஐரோப்பாவின் தொலைநோக்குகள் அங்கே வரிசையாக விழுந்துகொண்டிருந்தன. உப்புப் போடும் நேரத்தில் மட்டும் ஞானாம்பாள் சற்று நின்றார். கையில் அள்ளிய உப்பைப் பார்த்தார். கொஞ்சத்தைத் திரும்ப ஜாடியில் விட்டார். மீதியைப் போட்டார். நாக்கில் படவில்லை.

அரிசிம்பருப்பு, வாழைக்காய்ப் பொரியல், பாயசம். மூன்றே பதார்த்தம். இலையில் பரிமாறி, தண்ணீர் சுற்றி, எல்லாரும் விழுந்து கும்பிட்டார்கள். ஞானாம்பாள் எழுந்திருக்கக் கொஞ்சம் நேரமாயிற்று. பொன்னாத்தாள் கை கொடுத்துத் தூக்கினார். மாடியில் வைத்த சோற்றைக் காக்கை எந்தச் சாம்பிளும் கேட்காமல் எடுத்துக்கொண்டது. பந்தியில் செந்தில்வேல் அரிசிம்பருப்பை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நெய்யும் கேட்டார். பிறகு கை கழுவிக்கொண்டு சமையலறைக்குள் போய், "ஐயோ!" என்று கத்தினார். அப்பா போன அன்றைக்குக்கூட அவர் இப்படிக் கத்தவில்லை என்று வந்திருந்தவர்களில் சிலர் பேசிக்கொண்டார்கள்.

உடனடியாக ஆய்வுக்கு உத்தரவிடப்பட்டது. அருண்குமார் சட்டைப் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்தார். துணியில் ஓட்டையோ கறையோ இருந்தால், அது எங்கே என்று காட்ட ஒட்டுகிற சின்னச் சிவப்பு அம்புகள். போனால் போகட்டும் என்று விடக்கூடிய குறை மைனர், சரக்கையே திருப்பி அனுப்பவைக்கும் குறை மேஜர். தொழில்காரர் அவை இல்லாமல் எங்கும் போவதில்லை.

"ஒண்ணு விடாம ஒட்டுங்க. மேஜரா மைனரான்னு சொல்லிட்டே வாங்க" என்றார் செந்தில்வேல். "போட்டோ எடுத்து நிதிஷுக்கு அனுப்போணும். தப்பு எங்கிருக்குதுன்னு தெரியோணும்."

அருண்குமார் குனிந்தார். எண்ணெய்ப் பொட்டுக்கு ஓர் அம்பு. "மைனருங்க." எலுமிச்சம்பழம் பட்டு மங்கிய இடத்துக்கு ஓர் அம்பு. "மைனருங்க." வாணலி உட்கார்ந்த வளையத்துக்கு ஓர் அம்பு. மஞ்சள் கறைக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் பார்த்தார். "இதும் மைனருங்க. சோப்புப் போட்டா மங்கிருங்க."

"நல்லாப் பாருங்க! இத்தன செலவு பண்ணி நாசமாப் போயிருக்குது, ஒரு மேஜர்கூட இல்லீங்கறீங்க?"

வாசலில் நின்று கவனித்துக்கொண்டிருந்த ஞானாம்பாள் உள்ளே வந்தார். "நீங்களும் எத்தன நேரந்தான் குனிஞ்சு தேடுவீங்க. அந்த அட்டைய இப்படிக் குடுங்க" என்றார். அருண்குமார் கொடுத்தார். ஞானாம்பாள் ஓர் அம்பை நகத்தால் உரித்து, மகனிடம் போய், அவர் வெள்ளைச் சட்டையின் நெஞ்சில் வைத்து, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குச் சட்டையைச் சரிசெய்வதுபோல நன்றாக அழுத்தி ஒட்டினார்.

அருண்குமார், இருபது வருஷப் பழக்கத்தில், அம்பு காட்டிய இடத்தைக் குனிந்து பார்த்தார்.

"மேஜருங்க" என்றார்.